கதவில்லாத வாசலில் இரண்டு குருவிகள்

தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய ஓவியம். துருப்பிடித்த தகரக் கூரை, கதவில்லாத வாசல், அதன் நிலையில் இரண்டு தகைவிலான் குருவிகள். இறகு இறகாக வரைந்திருக்கிறார்கள்.

என்னோடு வந்திருக்கும் நண்பர் ஓவியம் தெரிந்தவர். "அந்தத் திறந்த வாசலைப் பாருங்க. இயற்கைக்கு மனுஷன் தர்ற வரவேற்பு" என்கிறார். நானும் பெரிதாகத் தலையாட்டுகிறேன்.

மேசை துடைக்கும் சரசு அக்கா இந்தத் தோட்டத்து லைனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர். சிரிப்பை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

"அண்ணே, அது எங்க லைன் கக்கூஸ் லா."

நண்பரின் கோப்பை பாதி வழியில் நிற்கிறது.

"கேட்டுக் கேட்டு, ஒரு வழியா லோரியில புதுக் கதவு வந்துச்சு. அப்பப் பார்த்து படம் வரையறவரு வந்துட்டாரு. கதவு போட்டா குருவி போயிடும்னாரு. படம் முடியட்டும்னு மேனேஜரும் சொல்லிட்டாரு. மூணு வாரம், பொம்பளைங்க நாங்க சேலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்னோம்."

"குருவி?" என்று கேட்கிறேன்.

"அது ரெண்டாம் நாளே போயிடுச்சு. போட்டோவைப் பார்த்துதான் வரைஞ்சாரு."

நண்பர் விடுவதாக இல்லை. அந்த இடத்தை நேரில் பார்க்கலாமா என்கிறார்.

"தாராளமா. இப்பக் கதவு இருக்கு, தட்டிட்டுப் போங்க."