எந்த அதிகாரம், எந்த வசனம்

கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் அவளுக்கு அட்டை அக்கா என்றுதான் பெயர். மூத்த பிள்ளை பிறந்ததிலிருந்து தனக்கு நாற்பத்தெட்டு வயது ஆகும் வரை மாதத்துக்கு ஓர் அட்டை வைத்திருந்தாள். காலையில் கண் விழித்ததும் உடம்பின் சூட்டைப் பார்த்து அதில் ஒரு புள்ளி வைப்பாள். எந்த நாளில் கணவனோடு சேரலாம், எந்த நாளில் விலகிப் படுக்க வேண்டும் என்பதை அந்தப் புள்ளிகள் சொல்லும். மாத்திரை கூடாது, உறை கூடாது, ஆபரேஷன் கூடாது. பிள்ளையைத் தள்ளிப்போட இந்த ஒரு வழிக்குத்தான் திருச்சபை இடம் கொடுக்கிறது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளும் அப்படியே நடந்தாள்.

"புதுசா வர்றவங்க, ரத்தம் குடிக்கிற அட்டைன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்பார் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் இந்த மாதிரி ஏதாவது ஒன்று வரும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்குக் கோவில் மண்டபத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை வகுப்பு நடக்கும். அதில் மதியம் மூன்று மணிக்கு அட்டை அக்காவின் முறை. பதினோரு வருடமாக அவள்தான். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்ற காலோடு நேராக மண்டபத்துக்கு வருவாள். அங்கே அவளுக்கு இஸ்திரி உருளையில் வேலை. ஈரம் வற்றிய போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். ஒரு நாளைக்கு எழுநூறு போர்வை. சனிக்கிழமைகளில் பாதம் வீங்கிச் செருப்பின் வார் சதையில் பதிந்துவிடும். மண்டபத்து மேசைக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது ஜோடிகள் வந்திருந்தார்கள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண் ஒருத்தி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அட்டை அக்கா பாதிப் பேச்சில் இருக்கும்போது கையைத் தூக்கினாள்.

"அக்கா, இது பைபிள்ல எங்க இருக்கு?"

"எதும்மா?"

"மாத்திரை சாப்பிடக்கூடாதுங்கறது. நான் படிச்ச வரைக்கும் கண்ணுல படல. எந்த அதிகாரம், எந்த வசனம்னு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

கேலி இல்லை. நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தாள். அட்டை அக்கா, "இருக்கும்மா" என்றாள். அப்புறம் மேசைமேல் இருந்த அட்டைகளை அடுக்கினாள். ஒன்பது ஜோடியும் அவள் முகத்தையே பார்த்தது.

அவளைக் கூட்டிப்போக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர்தான் காப்பாற்றினார். "அடுத்த மாசம் சொல்றோம்மா. இன்னிக்குப் புத்தகம் கொண்டு வரல."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஆற்றாமை. முப்பது வருடம் உடம்பால் நடந்த பாதை, எங்கே தொடங்குகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போனாள். அவளைவிடப் பத்து வயது இளையவர். மூன்று பங்குகளுக்கு ஒரே ஆள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு பழைய இறப்பு அறிவிப்பைத் திருப்பி, அதன் முதுகில் ஐந்து இடங்களை எழுதிக் கொடுத்தார்.

"இவ்வளவுதானா ஃபாதர்?"

"அக்கா, உள்ளதைச் சொல்லிடறேன். மாத்திரையைப் பத்தி நேரா ஒரு வசனமும் கிடையாது. ஓனான் கதையை ரொம்பக் காலமா காட்டிட்டு வந்தாங்க. அது ஒண்ணை மட்டும் நம்பி இதைச் சொல்லல. கணவனும் மனைவியும் ஒரே உடல் ஆகறாங்கன்னு தொடக்கத்துலயே இருக்கு. கடவுள் சேர்த்ததை மனுஷன் பிரிக்கக்கூடாதுன்னு இயேசுவும் சொன்னாரு. அன்பையும் பிள்ளைப்பேறையும் கடவுள் ஒரே செயல்ல வெச்சிருக்காரு, ஒண்ணைப் பிடுங்கிட்டு இன்னொண்ணை மட்டும் வெச்சுக்கக்கூடாது. வேதம் முழுசையும் சேர்த்து வாசிச்சுத் திருச்சபை அப்படிப் புரிஞ்சுக்குது. ஒரு வரியைத் தேடினா கிடைக்காது."

"அந்தப் பொண்ணு ஒரு வரிதான் கேக்குது."

ஃபாதர் சிரித்தார். சிரிப்பிலும் தூக்கம் இருந்தது. "நானும் ஒரு காலத்துல அதைத்தான் கேட்டேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சலவைக்கூடத்து இடைவேளையில், அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, அட்டை அக்கா பைபிளைப் படித்தாள். பலுகிப் பெருகச் சொன்ன இடத்தை முதலில் பார்த்தாள். கட்டளை என்று நினைத்திருந்தது, ஆசீர்வாதம் என்று இருந்தது. மனிதனுக்கு முன்பே மீனுக்கும் பறவைக்கும் அதே ஆசீர்வாதம் கிடைத்திருந்தது. ஓனானைப் பற்றி வீட்டில் சொன்னபோது கணவர், "யாரு, வேலியில ஓடுமே, அதுவா?" என்றார்.

"விளையாடாதீங்க. அண்ணன் செத்துப் போயிட்டான். அண்ணன் பேர் சொல்ல அவன் பொண்டாட்டிக்கு ஒரு பிள்ளை கொடுன்னு அப்பன் தம்பிகிட்ட சொல்றாரு. இவன் அவளோட படுக்கறான், ஆனா பிறக்கற பிள்ளை தன் பேர்ல இருக்காதுன்னு விந்தைத் தரையில விட்டுடறான். கடவுளுக்குக் கோபம் வந்து அவனும் செத்துப் போறான்."

"விட்டதுக்கா கோபம், ஏமாத்தினதுக்கா?"

"அதான் எனக்கும் புரியல. ரெண்டும் சேர்த்துத்தான்னு சொல்றவங்களும் இருக்காங்களாம்." பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அந்தப் பொம்பளைதான் மனசுல நிக்கறா. தாமார். ரெண்டு பேரைப் பறிகொடுத்தவளை அவ பிறந்த வீட்டுக்குப் போய்க் காத்திருன்னு அனுப்பிடறாங்க. அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல."

பிள்ளைகள் வீரன் கையிலுள்ள அம்புகள் மாதிரி என்ற திருப்பாடலை வாசித்துக் காட்டினாள். "நம்ம அம்பு நாலும் நம்ம பக்கம் பார்த்துத்தான் நிக்குது" என்றார் அவர். தோபியா கல்யாணமான இரவில் மனைவியை எழுப்பி ஜெபம் செய்யச் சொன்ன இடம் வந்தபோது, "அன்னிக்கு நாம தூங்கிட்டோம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த அலுப்பும் அதோடு கொஞ்சம் வெளியே வந்தது.

பவுல் எழுதிய இடத்தில்தான் சிரிக்க முடியவில்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறுக்க வேண்டாம். ஜெபத்துக்காக, இருவரும் ஒத்துக்கொண்டு, சிறிது காலம் விலகியிருக்கலாம். பிறகு மறுபடி சேருங்கள் என்கிறார். இருவரும் ஒத்துக்கொண்டு. அவள் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டார்களா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அவருடைய முதுகைப் பார்த்தபடி கிடந்த இரவுகள் எத்தனை! அவர் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அவளும் அவரிடம் கேட்டதில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ரத்தக் கொதிப்பு ஏறி, இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகும் ஒரு மழை நாளில் புள்ளியை மறந்தார்கள், நாலாவது பிறந்தான். தவறு அட்டை மேல் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் மூத்த மகள் வந்தாள். மூன்று பிள்ளைக்காரி. மூன்றுமே சிசேரியன், கடைசியில் ரத்தம் நிற்காமல் ஆறு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். மருமகன் தொலைதூர லாரி டிரைவர். பதினைந்து நாளைக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். மகள் பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"அம்மா, வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். கையெழுத்துப் போட்டாச்சு. நீ ஒண்ணும் சொல்லாதே, பிள்ளைங்கள மட்டும் பார்த்துக்க."

அட்டை அக்கா கேட்டாள்: "அட்டை போட்டுப் பார்த்தியாடி?"

"அவரு வர்றது ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் கூடாதுன்னு அட்டை சொன்னா, அடுத்த பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பட்டுமா? டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னொண்ணு உண்டானா கர்ப்பப்பை தாங்காதாம். என் மூணும் யாரை அம்மான்னு கூப்பிடும்?"

"திருச்சபை சும்மா சொல்லலம்மா..."

"தெரியும். நீ மண்டபத்துல சொல்றதை நானும் கேட்டிருக்கேன். தம்பி பிறந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. முகமெல்லாம் வீங்கி, உனக்கு வலிப்பு வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா உன் வாயைப் பிடிச்சுக்கிட்டாங்க, நான் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதை நீ மண்டபத்துல சொல்றதே இல்ல."

அட்டை அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த நாளைப் பற்றி மகளிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு இது சரின்னு படல" என்றாள் கடைசியில். "படலங்கறதைச் சொல்லிட்டேன். சொல்லாம இருந்தா நான் பொய்க்காரி. பிள்ளைங்கள அப்பா பார்த்துக்குவாரு. நான் ஆஸ்பத்திரியில இருப்பேன்."

மகள் பையைக் கீழே வைத்தாள். அழவில்லை. "தண்ணி கொடு" என்றாள்.

வியாழக்கிழமை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கணவர் லிஃப்ட் வேலைக்கு மட்டம் போட்டுப் பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார். அவள் உருளையிலிருந்து இடைவேளைக்கு ஓடி, ஈர ஏப்ரனோடு அதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்குப் படியேறினாள். மகள் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தாள். அட்டை அக்கா ஜெபம் சொல்ல வாயெடுத்தாள். எதற்காகச் சொல்வது என்று தெரியாமல் மகளின் காலைப் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு நிமிடம். பிறகு கீழே மணி அடித்தது.

மகள் ஆபரேஷன் செய்துகொண்டதை ஃபாதரிடம் அவளே போய்ச் சொன்னாள். "இனிமே நான் வகுப்பு எடுக்கறது முறையில்ல."

அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "திருச்சபை சொல்றதை நான் மாத்திச் சொல்ல முடியாது அக்கா. உங்க மக என்கிட்ட வந்தா நான் கதவைச் சாத்தவும் மாட்டேன். நீங்க அங்க போய் உட்கார்ந்ததுல நான் குறை சொல்ல எதுவுமில்ல." பிறகு சொன்னார்: "வகுப்பை விடணும்னா விடுங்க. ஆனா இந்தச் சனிக்கிழமைக்கு வேற ஆள் இல்ல. எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன்."

எனவே அவளே போனாள். பல் டாக்டரிடம் வேலை செய்யும் பெண் பதிலுக்காகவே வந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அட்டை அக்கா இறப்பு அறிவிப்பின் முதுகைப் பார்த்து ஐந்து இடங்களையும் சொன்னாள்.

"நீ கேட்ட மாதிரி ஒரே ஒரு வசனம் இல்லம்மா. இதையெல்லாம் சேர்த்து வாசிச்சுத் திருச்சபை சொல்லுது. ஓனானைப் படிச்சா தாமாரையும் விடாம படி. பவுல் எழுதினதை ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து படிங்க. இருவரும் ஒத்துக்கிட்டுன்னு போட்டிருக்காரு. நான் முப்பது வருஷம் இந்த வழியிலதான் நடந்தேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை உயிர் போகப் பார்த்துச்சு. இதுவரைக்கும் இங்க அதைச் சொன்னதில்ல. எங்க வீட்டுலயே ஒருத்தர் இந்த வழியில போகல. அவங்க எனக்கு வேண்டாதவங்க ஆயிடல."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"இப்படி வாழ்ந்தது உங்களுக்கு வருத்தமா அக்கா?"

அட்டை அக்கா யோசித்தாள். கடைசி வரிசையில் கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"களைப்பா இருக்கும்மா. வருத்தமான்னு அவரையும் சேர்த்துத்தான் கேக்கணும். இன்னும் கேக்கல."

அன்று மாலை சமையலறையில் கேட்டாள். அவர் வெகுநேரம் தம்ளரைக் கழுவினார். "சில நாள் இருந்துச்சு" என்றார். "உன்னை இழந்துட்டேன்னு நினைச்ச அன்னிக்கு ரொம்ப இருந்துச்சு. சொன்னா நீ மனசு உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லல." அவள் அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கித் துடைத்தாள்.

யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெரியம்மா ஃபாதருக்குப் புகார் எழுதினாள் என்று பிறகு காதில் விழுந்தது. நான்கு மாதம் கழித்து வேறொரு இளம் தம்பதி வகுப்பை எடுத்துக்கொண்டார்கள். புகாரினாலா, ஃபாதர் அவளுக்கு ஓய்வு கொடுத்தாரா என்று அவள் விசாரிக்கவில்லை. சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குப் படுத்துத் தூங்கினாள்.

மகளுக்குத் தையல் ஆறியது. ஞாயிறுதோறும் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது, ஆபரேஷன் செய்துகொண்டவள் என்று அவள் மட்டும் முழங்காலில் இருப்பாள். ஏழெட்டு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிறு, கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் வரிசையில் நின்றாள். ஃபாதர் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கணவர் தாழ்ந்த குரலில், "எப்படி வாங்கினான்னு அவகிட்ட கேட்டியா?" என்றார்.

"இல்ல."

"சரி" என்றார். பஸ் கூட்டமில்லாமல் வந்தது. இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.