கப்பல் செலவுக்கு முன்பணம்

அந்தப் பயண ஏஜெண்டை முதல் பார்வையிலேயே எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். முதல் பார்வையில் அவனை எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வெள்ளை பேண்ட், அக்குளில் தோல்பை, விரலில் இரண்டு மோதிரம். வாயைத் திறந்தால் "உங்கள மாதிரி படிச்சவங்க" என்றுதான் ஆரம்பிப்பான். அப்போது நான் ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியார். எழுபதுகளின் பின்பாதி. என்னைப் படித்தவன் என்று சொல்ல மலையில் வேறு யாரும் மெனக்கெடவில்லை. அதனால் சுலபமாக விழுந்துவிட்டேன்.

மலையடிவாரத்தில், சந்தவாசலில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் அவனுக்கு ஓர் அறை இருந்தது. வாசலில் கப்பல் படம் போட்ட தட்டி. மெட்ராஸிலிருந்து அந்தமானுக்குப் போக மூன்று நாள், அங்கே ஐந்து நாள், திரும்ப மூன்று நாள். மலையிலிருந்து ஆள் சேர்த்துக் கொடுத்தால் எனக்குப் பாதிக் கட்டணம் என்றான். நான் வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தேன். பாடம் நடத்துவதில் காட்டாத சுறுசுறுப்பை இதில் காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பது பேர் சேர்ந்தோம். காவலூரில் உத்தியோகம் பார்த்த நான்கு குடும்பங்கள், மலையில் கொஞ்சம் வசதியான விவசாயிகள் பத்துப் பேர், செங்கத்துப் புளி மண்டிக்காரர் ஒருவர். கடலைக் காலால்கூடத் தொட்டிராத கூட்டம். ஆனால் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொருவர் நடையும் மாறிவிட்டது. காவலூர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் கப்பலில் எந்தப் பக்கம் காற்று வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் பணம் கட்டி முடித்த பிறகுதான் ஏஜெண்ட் அடுத்த விஷயத்தை எடுத்தான். கப்பலில் சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி. டீ, பிஸ்கட், பீடி, சோப்பு, ஊறுகாய் எல்லாம் மேல்செலவு. கடல் நடுவில் சில்லறைக்கு எங்கே போவது? ஆகவே மேல்செலவுப் பணத்தை ஊரிலேயே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். தலைக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையக்கூடாது. கட்டிய பணத்துக்கு ரோஸ் நிறக் கூப்பன் தருவான். கப்பலில் கூப்பனைக் கிழித்துக் கொடுத்துப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். மீதியிருந்தால் பணம் திரும்பி வரும்.

இதைக் கேட்டு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. ஐம்பது கட்டினால் போதும் என்ற இடத்தில் மண்டிக்காரர் இருநூறு கட்டினார். அவர் கட்டியதைக் கேள்விப்பட்டுக் காவலூர்க்காரர் இருநூற்றைம்பது கட்டினார். பிஸ்கட் வாங்கப் போட்டி போட்டுக்கொண்டு பணம் கட்டிய இந்த அறிவாளிகளைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். நான் கட்டியது சரியாக ஐம்பது. கையில் இருந்த இருநூறு ரூபாயை உள்பனியனில் பை தைத்து, ஊக்குப் போட்டுப் பூட்டிக்கொண்டேன்.

முப்பது பேரில் சுற்றிப் பார்ப்பதற்காக வராதவள் ஒரே ஒருத்திதான். எங்கள் பள்ளிக்குப் பின்பக்கத்து ஊர்க்காரி. முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் மரம் வெட்டும் வேலைக்கு அந்தமான் போய் இரண்டு வருஷம். அவனோடு வேலை செய்கிறவன் எழுதிய கடிதத்தைப் படித்துச் சொன்னவன் நான்தான். காலில் மரம் விழுந்துவிட்டது, முகாமில் கிடக்கிறான், பார்த்துக்கொள்ள ஆளில்லை, வந்து கூட்டிப் போ என்று எழுதியிருந்தது. கப்பல் இறங்குகிற ஊரிலிருந்து அவன் கிடக்கிற தீவுக்கு லாஞ்சு என்கிற மோட்டார் படகில் போகவேண்டும், பிறகு லாரி. தனியாகக் கப்பல் டிக்கெட் வாங்க அவளுக்கு வழி தெரியாது. எங்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

அதற்கு அவள் இரண்டு புளியமரத்தை விட்டுக்கொடுத்தாள். மலையில் மரத்தைப் பூவிலேயே பேசி முடித்துவிடுவார்கள். பூத்திருக்கும்போது மண்டிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து ஒரு தொகை சொல்வார். பணம் கைமாறிவிட்டால் அந்தப் பருவம் முழுக்க மரம் அவருடையது. காய் குறைந்தால் அவர் நஷ்டம், அதிகமானால் அவர் லாபம். கடைசிக் காய் வரை உலுக்கி எடுப்பார். மரத்தின் சொந்தக்காரி தன் குழம்புக்கு அதிலிருந்து ஒரு காய் பொறுக்கினாலும் கேட்பார். இவளிடம் மூன்று வருஷத்துப் பூவையும் சேர்த்துப் பேசி, அடிமாட்டு விலைக்கு முடித்திருந்தார் எங்களோடு வந்த அதே மண்டிக்காரர். அந்த லாபத்தில்தான் கப்பல் ஏறுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

டிக்கெட் போக அவள் கையில் நூற்றிருபது ரூபாய் நின்றது. சந்தவாசல் அறையில் ஐம்பதை எண்ணி வைத்துவிட்டு, மீதியை மடியில் முடியப் போனாள். நான் தடுத்தேன்.

"எல்லாத்தையும் கட்டிடும்மா. கப்பல்ல திருடுவாங்க. பொம்பள நீ, தூங்கும்போது அவிழ்த்துக்கிட்டுப் போய்டுவான். கூப்பனா இருந்தா எவனும் தொடமாட்டான்."

"எறங்குறப்ப காசா குடுப்பாங்களா சார்?"

"குடுப்பாங்க. நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல. இந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தை நானே பார்க்கக் கூசுகிறது.

கப்பல் மெட்ராஸை விட்ட அன்று சாயங்காலம் ஏஜெண்ட் தன் கடையைத் திறந்தான். கப்பலின் கேண்டீன் வேறு, அவன் கடை வேறு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேண்டீனில் டீ மட்டும்தான், அதுவும் ரொக்கம். எங்கள் கூப்பன் செல்லுபடியாகிற இடம், எங்கள் படுக்கை வரிசைக்குக் கீழே அவன் வைத்திருந்த ஒரே ஒரு தகரப் பெட்டி. பீடிக்கட்டு, தீப்பெட்டி, பிஸ்கட், சோப்பு, எலுமிச்சை ஊறுகாய், சீப்பு, கண்ணாடி. எல்லாம் ஊர் விலையைப்போல ஒன்றரை மடங்கு. எங்களிடம் அவன் வாங்கியது இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். பெட்டியில் இருந்த சரக்கு நூறு பெறாது. இந்தக் கணக்குப் போட வாத்தியார் வேண்டியதில்லை. வாத்தியாரான நானும் போடவில்லை.

மீதிப் பணம் எப்போது என்று யாரோ கேட்டார்கள். "அதெல்லாம் ஊருக்குப் போய்ட்டு ஆபீசுல வாங்கிக்கலாங்க. கப்பல்ல எப்படிங்க பணம் வச்சிருப்பேன்?" என்று ஏஜெண்ட் சிரித்தான். எங்கள் ஆட்களும் கூடவே சிரித்தார்கள்.

மறுநாள் கடல் எழும்பிற்று. அதுவரை காற்றைப் பற்றி வகுப்பெடுத்தவர் முதலில் சாய்ந்தார். மண்டிக்காரர் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் குப்புறக் கிடந்தார். நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏஜெண்டும் பெட்டிமேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். முப்பது பேரில் நிமிர்ந்து நடமாடியது அவள் ஒருத்திதான். கேழ்வரகு மாவில் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தின்றுகொண்டு, ஒரு கூப்பனும் கிழிக்காமல் இருந்தாள்.

என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இன்னா சார், ஊருக்குப் போய்ட்டு வாங்கிக்கன்றாரு. எனக்கு எறங்குனதும் லாஞ்சுக்குக் காசு ஓணுமே. அங்கே ஆஸ்பத்திரிக்கு ஓணுமே."

"பேசுறேம்மா. கொஞ்சம் சரியாவட்டும்."

"இந்தச் சீட்டு கரையில செல்லுமா?"

"செல்லாது."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனியனுக்குள் என் இருநூறு ரூபாய் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அதில் நூற்றிருபதைக் கொடுத்து அவள் கூப்பனை வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. வாந்தி வருகிறது என்று வாளிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் எழுந்து போய் ஏஜெண்டைத் தட்டி எழுப்பியதைத் தலையைத் தூக்காமலே கேட்டேன். பீடிக்கட்டு எத்தினி இருக்கோ எல்லாம் குடு என்றாள். பிஸ்கட், ஊறுகாய், தீப்பெட்டி, சோப்பு என்று வரிசையாகக் கேட்டாள். கூப்பனை ஒவ்வொன்றாகக் கிழித்து வைத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவன், தொலைந்தால் போதும் என்று எடுத்துக் கொடுத்தான். அவள் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கடல் அடங்கிற்று. பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. ஒன்றரை நாள் பட்டினி வயிறு, கசந்த வாய். எல்லோரும் கூப்பனைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சூழ்ந்தார்கள். பெட்டியில் சீப்பும் கண்ணாடியும் இருந்தன. இருநூற்றைம்பது ரூபாய் கட்டியவருக்கு ஏஜெண்ட் ஒரு சீப்பை எடுத்து நீட்டினான். அவர் வழுக்கை.

சரக்கு எங்கே போயிற்று என்று தெரிந்ததும் கூட்டம் அவள் படுக்கைக்கு நகர்ந்தது. மண்டிக்காரர் முன்னால் நின்றார். ஒன்றரை நாளாகப் பீடி பிடிக்காதவர். பத்து ரூபாய்க் கூப்பனை நீட்டி இரண்டு கட்டுப் பீடி கேட்டார்.

"சீட்டு வாணாங்க. காசு குடுங்க. சீட்டு கரையில செல்லாதாம், வாத்தியாரு சொன்னாரு."

ஏஜெண்ட் கத்த ஆரம்பித்தான். வாங்கினதைத் திருப்பிக் குடு, இது என் வியாபாரம், என் சரக்கை என் ஆளுங்களுக்கே விக்கிறியா என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. சாக்கின்மேல் கை வைத்தபடி சொன்னாள்.

"முன்னாடியே காசு குடுத்துட்டேன். மரம் என்னுது. கடைசிக் காய் வரைக்கும் உலுக்கிக்குவேன். நியாயமா இல்லியான்னு மண்டிக்காரரையே கேளு."

எல்லோரும் மண்டிக்காரரைப் பார்த்தார்கள். சுற்றி நின்ற மலைக்காரர்கள் பத்துப் பேரும் அவருக்கு மரம் விட்டவர்கள். இல்லை என்று இங்கே சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தில் எந்த முகத்தோடு மலையேறுவார்? அவர் ஏஜெண்டைப் பார்த்தார், பீடியைப் பார்த்தார், அந்தப் பத்து முகங்களையும் பார்த்தார்.

"அது நியாயந்தான்" என்றார். பிறகு பையிலிருந்து ரொக்கத்தை எடுத்தார்.

அதற்குப்பின் நடந்தது பார்க்க அருவருப்பாக இருந்தது. அதுவரை அவள் பக்கத்தில் உட்காரவே யோசித்த காவலூர் உத்தியோகஸ்தர்கள், ஊறுகாய் பாட்டிலுக்கு முண்டினார்கள். "ஏம்மா, எனக்கும் ஒண்ணும்மா" என்று கெஞ்சினார்கள். யாரும் கடன் கேட்கவில்லை, கேட்டாலும் அவள் கொடுத்திருக்கமாட்டாள். கரை தெரிவதற்குள் சாக்கு காலி. கட்டிய நூற்றிருபதுக்கு மேலேயே அவள் மடியில் ஏறியிருந்தது. நானும் ஊக்கைக் கழற்றி ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினேன். நமுத்துப் போயிருந்தது.

துறைமுகத்தில் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. லாஞ்சு எங்கே என்று ஒரு கூலிக்காரரிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் ஐந்து நாள் சுற்றினோம். பார்த்த இடம் ஒன்றும் நினைவில்லை. கூப்பன் பணம் திரும்பி வருமா என்பதைத் தவிர எங்கள் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

திரும்பி வந்து நான் மூன்று முறை சந்தவாசல் இறங்கினேன். முதல் முறை அடுத்த வாரம் என்றான். இரண்டாம் முறை ஆள் இல்லை. மூன்றாம் முறை அந்த அறையில் சைக்கிள் டயர்களை அடுக்கியிருந்தார்கள். மண்டிக்காரர் இருநூறு ரூபாயை விட்ட கதையை வெளியில் சொல்லவேயில்லை. காவலூர்க்காரர் மட்டும் கப்பலில் ராஜ உபசாரம் என்று கடைசிவரை சொல்லித் திரிந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், மலைமேல் பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். புருஷனை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டை ஊன்றி நின்றான். ஆள் மெலிந்திருந்தாலும் முகத்தில் உயிர் இருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஆள் தேறியிருக்கமாட்டான் என்று அங்கே டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். எதையாவது பேசித் தப்பிக்க நினைத்து, அந்த ஏஜெண்டைப் பற்றி ஆரம்பித்தேன். ஒருத்தருக்கும் ஒரு பைசா திரும்பி வரவில்லை, பயல் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டான் என்றேன். கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். புருஷனின் கையைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்கதான சார் சொன்னீங்க, கப்பல்ல திருடுவாங்கன்னு" என்றாள். அவனைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தாள்.