ஒரு படத்தில் மட்டும் தெரிந்த புள்ளி

அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். வெள்ளி காலை அது பிழை என்று தெரிந்தபோது, காணியில் மண் அள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, வெடிக்காத குண்டு எங்கே புதைந்திருக்கலாம் என்று சொல்வது எங்கள் தொழில். ஒரே இடத்தைச் சில விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற, இரு கண்ணாலும் பார்க்கும் கருவியின் கீழ் வைத்தால் பள்ளமும் மேடும் எழுந்து தெரியும். குண்டு இறங்கிய துளை சிறு கறுப்புப் புள்ளி. ஃபிலிமில் பட்ட கறையும் அப்படித்தான் இருக்கும். துளை என்றால் இரண்டு படத்திலும் இருக்க வேண்டும். அந்தக் காணியின் வடக்கு மூலையில் நான் கண்ட புள்ளி ஒன்றில்தான் இருந்தது. "ஃபிலிம் கறை, தோண்டலாம்" என்று எழுதினேன். ஃபிராவ் வேபர் என்று நாங்கள் அழைக்கும் என் மேலதிகாரி அம்மாவும் ஒப்பமிட்டார்.

மறுநாள் காலை குகன் அண்ணை என்ற தமிழர் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் காணியில் அத்திவாரம் வெட்டும் பாகர், அதாவது மண் தோண்டும் இயந்திரம், அவருடையது. அவருடைய மச்சான்தான் அதை ஓட்டுகிறார். அறிக்கையின் பிரதியை நீட்டினேன். வாங்கவில்லை.

"பேப்பர் இருக்கட்டும் தங்கச்சி. மெசினிலை இருக்கிறது எங்கடை ஆள். படத்தைக் காட்டுங்கோ."

ஸ்டீரியோஸ்கோப்பில் குனிந்தவர் உடனே நிமிர்ந்தார்.

"எனக்கு இடது கண் தெரியாது. இதிலை ஒண்டும் விளங்காது."

அவரைச் சும்மா அனுப்ப மனமில்லை. இரண்டு படங்களையும் கணினியில் மாறி மாறி ஓடவிட்டால் ஒற்றைக் கண்ணுக்கும் ஆழம் தெரியும். கண்ணாடி எதுவும் வேண்டாம். வீதியும் தரையும் அசையாதபடி ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தி, ஜிஃப் கோப்பாக ஓட்டினேன். முதலில் வேகம் கூடித் தலை சுற்றியது. குறைத்தேன். தரை நின்றது, உயர்ந்தவை எல்லாம் இடமும் வலமும் ஆடின.

அவர் திரைக்குக் கிட்டப் போனார்.

"இந்த எரிஞ்ச சுவர் ஏன் இப்பிடிச் சாயுது?"

"விமானம் நகர்ந்ததாலே அண்ணை. கோணம் மாறுது."

"அப்ப புள்ளி எங்கையும் போகேல்லை. மற்றப் படத்திலை சுவர் அதுக்கு மேலை சாய்ஞ்சு மறைக்குதெல்லோ?"

திரும்பத் திரும்ப ஓட்டினேன். சுவர் சாயும்போது புள்ளி மறைந்தது, நிமிரும்போது வந்தது. அது கறை இல்லை, குண்டு இறங்கிய துளை.

குகன் அண்ணை மச்சானுக்கு அழைத்தார். எடுக்கவில்லை. பாகர் இரைச்சலில் ஃபோன் கேட்காது. நான் சொன்னதும் ஃபிராவ் வேபர் வேலையை நிறுத்தச் சொல்லி நகரசபைக்கு அழைக்க, நாங்கள் இருவரும் வேனில் ஏறினோம். அவர் ஓட்டினார், நான் அவருடைய ஃபோனில் அழைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றோம். மச்சானுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

பாதி வழியில் ஃபோன் அடித்தது, மச்சான்தான். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"தேத்தண்ணி குடிக்க இறங்கினனான். ஏன் அத்தான் இவ்வளவு தரம் அடிச்சனீங்கள்?"

"வடக்கு மூலை கிண்டினியே?"

"இல்லை, இனித்தான்."

"தொடாதை. மெசினை அப்பிடியே விட்டிட்டு றோட்டுக்கு வா. இப்பவே வா!"

குகன் அண்ணை வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அந்த மூலையில் குண்டைக் கண்டுபிடித்தார்கள். தெருவை முழுதாகக் காலி செய்து செயலிழக்க வைத்தார்கள்.

"அது கறை இல்லை என்று யார் கண்டுபிடித்தது?" என்று ஃபிராவ் வேபர் கேட்டார்.

"பாகர் சொந்தக்காரர்," என்றேன்.

அவர் பழைய அறிக்கையை எடுத்து, எங்கள் இரு கையெழுத்துகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு இப்போது வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு படத்தில் மட்டும் ஏதாவது தெரிந்தால், மற்றப் படத்தில் அந்த இடத்தை என்ன மறைக்கிறது என்று முதலில் பாருங்கள். "ஃபிலிம் கறை" என்ற சொல்லை நான் பிறகு எழுதவே இல்லை. "காரணம் தெரியவில்லை, தோண்ட வேண்டாம்" என்றுதான் எழுதுவேன். வேலை நிற்கிறது என்று காணிக்காரர்கள் சத்தம் போடுவார்கள். போடட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.