உப்பளத்துக் கறுப்புக் கண்ணாடி

எங்கள் உப்பளத்துக் கங்காணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த ஆள் பைக்கில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டுதான் வருவார். வரப்பில் நின்று, அதைக் கழற்றாமலே எங்களை வேலை வாங்குவார். அவரைப் பார்த்து ஒருத்தரும் சிரித்ததில்லை.

பாத்திக்குள் நிற்பது நாங்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பு வெள்ளை வெளேரென்று கண்ணில் அடிக்கும். குனிந்தாலும் அடிக்கும், நிமிர்ந்தாலும் அடிக்கும். ஒரு தடவை கண் முகாம் போட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். வேலை செய்யும்போது கட்டாயம் போட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? பீரோவில் வைத்துப் பூட்டினோம். புதுசாம், உப்புத் தண்ணீர் பட்டால் வீணாகிவிடுமாம்! நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது போட்டோவுக்காக நான் எடுத்துப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதே அளத்தில் வேலை பார்த்த என் அக்கா மட்டும், கொடுத்த மறுநாளே கண்ணாடியோடு பாத்தியில் இறங்கினாள். கங்காணி வரப்பிலிருந்தே கத்தினார்.

"ஏளா, கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உப்பு எது, அடிமண்ணு எதுன்னு எப்படித் தெரியும்? மண்ணு கலந்து உப்பு கறுத்துப் போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"உப்பு வாருத பலகை மண்ணுல ஒரசுனா கைக்கே தெரியும் அண்ணாச்சி," என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் வாரிக் குவித்த உப்பில் ஒரு பொட்டு மண் கிடையாது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "சினிமாவுல நடிக்கப் போறவ உப்பு வார வந்திருக்கா, பவுசப் பாருங்க!" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். மறுநாள் கண்ணாடி இல்லாமல் வேலைக்கு வந்தாள்.

சில வருஷத்தில் அவளுடைய வலது கண் சிவந்து நீர் வடிய ஆரம்பித்தது. உப்புக் காற்று என்றோம், சூடு என்றோம், விளக்கெண்ணெய் விட்டோம். கண்ணின் வெள்ளையிலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறிய பிறகுதான் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஆபரேஷன் செய்து சதையை எடுத்தார்கள். ஆனால் அது ஏறிய இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது, பார்வை முழுசாகத் திரும்பாது என்றார்கள். "வேலை செய்யும்போது கண்ணாடி போடலையாம்மா?" என்று கேட்டார்கள். அக்கா தரையைப் பார்த்தாள். நானும்தான்.

மறுநாள் பீரோவைத் திறந்து என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினேன்.

கங்காணி பைக்கை நிறுத்தினார். "என்னளா, அக்கா மாதிரி நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "மொதல்ல நீங்க ஒங்க கண்ணாடியக் கழட்டிட்டு மத்தியானம் வரைக்கும் இங்கன நில்லுங்க அண்ணாச்சி. பெறகு நான் கழட்டுதேன்!" என்று கத்தினேன். மனிதர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "நல்லா கேட்டுட்டேன்க்கா. ஒன் கண்ணக் கெடுத்த பாவி, இனி வாயத் தெறக்க மாட்டான்," என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அவன் சொன்னதுக்கா நான் கழட்டுனேன்? அவன் கத்துன பெறகும் வேலை முடியுத வரைக்கும் போட்டுத்தானளா இருந்தேன். நீ எல்லாரையும் சிரிக்க வச்சியே, அதுக்குத்தான் கழட்டுனேன்."