சங்கையா அடையாளம் காட்டிய முகம்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் கேட்டில் சங்கையா இருபத்தாறு வருஷம் வாட்ச்மேனாக நின்றவர். ஷிப்ட் சங்கு ஊதியதும் முந்நூறு பேர் திமுதிமுவென்று நுழைவார்கள். ஒருத்தரிடமும் அவர் டோக்கன் கேட்டதில்லை. "முகம் இருக்கையில டோக்கன் எதுக்குலே?" என்பார். மில்லில் அவருக்கு இருந்த பெயரே அதுதான்.

1988 ஆடி மாதம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு இளவட்டம் நூல் மூட்டையோடு பின்சுவர் ஏறிக் குதித்தான். குதிக்குமுன் ஒருதரம் திரும்பிச் சங்கையாவைப் பார்த்தான். மறுநாள் மானேஜர், புதிதாகச் சேர்ந்த பயல்கள் எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தினார். எல்லோருக்கும் காக்கிச் சட்டை, அரும்பு மீசை, இருபது வயது. சங்கையாவுக்கு எட்டு முகமும் ஒன்றுபோலத் தெரிந்தன. 'பிடிபடல சார்' என்று சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணாச்சி கண்ணுல பட்டவன் தப்பிருவானா!" என்றார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி.

சங்கையாவின் விரல் மூன்றாவது ஆளைக் காட்டியது. மம்சாபுரத்துக் காமராஜ்.

"நான் இல்ல அண்ணாச்சி, எங்கம்மா சத்தியமா நான் இல்ல!"

"நல்லா நடிக்கான்லே" என்று யாரோ சிரித்தார்கள். அன்றைக்கே அவனை வெளியே அனுப்பினார்கள். திருட்டுப் பட்டம் பெற்றவனை வேறெந்த மில்லும் சேர்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே சுவரில் பிடிபட்ட வேறொருவன், பழைய மூட்டையும் தன் வேலைதான் என்று ஒப்புக்கொண்டான். "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றார் மானேஜர். சங்கையாவால் விட முடியவில்லை. மம்சாபுரம் போகவும் முகமில்லை. அதன்பிறகு எல்லோரிடமும் டோக்கன் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, எம் மூஞ்சி மாறிப்போச்சா?" என்று கேலி செய்தார்கள். கண் மங்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பினார்.

1993-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் கண் முகாமில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான இருக்கு பெரியவரே" என்றார். சங்கையாவுக்குத் திக்கென்றது. நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்.

"முகத்தைப் பிரிச்சு அறியுறது மூளையோட வேலை. அவங்கவங்க வயசு முகம்தான் நல்லாப் பதியுதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. உங்க வயசுக்கு இளவட்டங்க முகத்துல குழப்பம் வரலாம்."

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. அங்கிருந்தே மம்சாபுரம் பஸ் ஏறினார்.

காமராஜ் கூலிக்குக் கரும்பு சுமந்துகொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் அவனே வந்து நின்றான். டாக்டரம்மா சொன்னதைச் சங்கையா ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "வேணும்னு செய்யலப்பா. மூளை செய்யுத கோளாறாம்."

காமராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"சரி அண்ணாச்சி, மூளை ஏமாத்திருச்சு. கைய நீட்டுத நேரம் உங்களுக்குச் கொஞ்சமாவது சந்தேகம் வந்துச்சா, இல்லியா?"

அதற்கு டாக்டரம்மா பதில் சொல்லி அனுப்பவில்லை.

"வந்துச்சு" என்றார் சங்கையா.

காமராஜ் குனிந்து கரும்புக்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தான்.