பூப்பாதம்

சவுரிமுத்து ஒரு காலணியைக் கையில் எடுத்தால் அதன் அழகைப் பார்க்கமாட்டார். உள்ளே கையை விடுவார். பல்லாவரத்துக்கு அருகே ஏற்றுமதிக்குக் காலணி தைக்கும் தொழிற்சாலையொன்றில், கடைசி மேசையில் அமர்ந்து, தம் ஆயுளின் பெரும்பகுதியை அவர் அப்படித்தான் கழித்தார். விரல்களைக் குவித்து நுனிவரை செலுத்துவார். ஆணி முனை துருத்துகிறதா, நூல் முடிச்சிட்டிருக்கிறதா, உள்தோல் மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். முகமறியாத எவரோ ஒருவரின் பாதம் கடல் கடந்த ஊரில் நோகக் கூடாதே என்று அவருடைய விரல்கள் இங்கே கவலைப்பட்டன. அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு காலில் குறை கண்டாலும் இரண்டையும் சேர்த்தே கழித்துவிட வேண்டும். ஒற்றைக் காலணியை எந்த நாட்டிலும் யாரும் வாங்குவதில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே அவருடைய மனைவி ஜான்சி இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போதும் சவுரிமுத்துவின் கண்கள் நனையவில்லை. “அழுதுடுங்க அண்ணா, உள்ளயே வச்சுக்காதீங்க” என்று உறவினர்கள் கெஞ்சினார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. மனம் மரத்துப்போயிருந்தது. மகள் ஜெரூஷாவிடம் மட்டும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“எங்க கம்பெனில ஒரு ஷூவுல குறை இருந்தா ஜோடியே ரிஜெக்ட்டும்மா.”

சொன்னபடியே அவர் தம்மைத் தாமே கழித்துக்கொண்டார். செம்பாக்கத்து வாடகை வீட்டில் சன்னல்கள் சாத்தியே கிடந்தன. காலை முதல் தொலைக்காட்சி ஓடும். எதிரே அவர் அமர்ந்திருப்பார். எது ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பசித்தால் முனைக்கடைப் பரோட்டா, பசிக்காவிட்டால் தேநீரும் பன்னும். எப்போதோ வந்திருந்த சர்க்கரை நோய், கேட்பாரில்லாத வீட்டில் புகுந்த விருந்தாளியைப்போல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. பாதங்கள் இரண்டும் தணலாய் எரிந்தன. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுவார்.

கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்த ஜெரூஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். நாற்காலிக்கடியில் கிடந்த பரோட்டாப் பொட்டலங்களைப் பார்த்தாள். தந்தையை எழுப்பி மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், நடக்கவில்லையென்றால் நாள் எண்ண வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது ஜெரூஷா அழுதாள். “அம்மா போய்ட்டாங்க, அது ஆண்டவர் சித்தம். நீயா போறேன்னா எப்டிப்பா? எனக்குன்னு போன் பண்ண யாரு இருக்கா? காலையில எந்திரி, நட. எனக்காகவாவது உயிரோட இருப்பா.”

தினமும் நடப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். மறுநாள் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனார்.

அங்கே எட்டு என்னும் எண்ணின் வடிவில் கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்று இருந்தது. சவுரிமுத்து அதில் கால் வைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு குரல் விரட்டியது.

“சார், சார்! நில்லு சார். செருப்போட உள்ள பூந்துட்டியே, இது இன்னா பஜாரா?”

“மன்னிச்சுக்கோங்க. எனக்குத் தெரியாது.”

“தெரியாட்டி தெரிஞ்சுக்கோ. பாதத்துலதான் சார் உடம்போட சுவிட்ச் போர்டே கீது. செருப்பு போட்டுகினு நடந்தா, ரப்பர் கிளவுஸ் போட்டுகினு கரண்ட தொடுற மாரி. ஒண்ணும் ஏறாது. கழட்டு, கழட்டு.”

இவர்தாம் துரைராஜ். ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய நிலக்காரக் குடும்பம். இப்போது வேளச்சேரி சாலையில் கட்டுமானப் பொருள்கள் விற்கும் கடை. எட்டில் பதித்த கற்கள் யாவும் அவர் தம் கடையிலிருந்து பொறுக்கி அனுப்பியவை. அதனால் அந்த எட்டைத் தம் வீட்டுப் பூசையறையாகவே அவர் கருதினார். செருப்புகள் அனைத்தும் அதன் வாயிலில் வரிசையாகக் கிடக்க வேண்டும்.

சவுரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அவருக்கு முன்னே வங்கியில் ஓய்வு பெற்ற ஆஷா என்னும் அம்மாள், அடிக்கொரு முறை “அய்யோ, அம்மா” என்று குதித்துக்கொண்டிருந்தார்.

“துரைராஜ் சார், உங்க கடையில விக்காத கல்லையெல்லாம் இங்கதான் கொட்டினீங்களா?”

“ஊட்டுக்காரர திட்றதெல்லாம் என்னைய திட்டுங்க மேடம், ஆனா நடங்க. அந்தாண்ட பாருங்க, புச்சா வந்த சார. ஒரு ‘ஆ’ கீதா, ஒரு ‘ஊ’ கீதா? பூ மேல நடக்குறாப்புல போறாரு. பூப்பாதம் சார் அது, பூப்பாதம்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சவுரிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, நெடுநாளாகக் காணாத ஒரு மகிழ்ச்சியும் எட்டிப் பார்த்தது. கற்கள் காலடியில் இருப்பதை அவர் அறியாமல் இல்லை. அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதை அறிவதுபோல அறிந்தார். அவ்வளவுதான். அதைத் தம் உடம்பின் உறுதி என்றே எடுத்துக்கொண்டார்.

அன்றுமுதல் பூங்காவில் அவருக்குப் பெயரே பூப்பாதம் சார் என்றாயிற்று.

பழக்கம் என்பது மெல்ல வந்து மெல்லக் குடியேறுவது. முதலில் நடை வந்தது. நடந்தவருக்குப் பரோட்டா கசந்தது. கேழ்வரகுக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டார். சன்னல்கள் திறந்தன. தொலைக்காட்சி ஓய்ந்தது. மாலையில் மகளுக்குத் தாமே தொலைபேசியில் பேசினார். “இன்னைக்கு என்ன சாப்ட்டேன் சொல்லு பார்ப்போம்” என்று அவர் விடுகதை போடுவதைக் கேட்டு ஜெரூஷா சமையலறையில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒருநாள் ஆஷா அம்மாள் பாத்திரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கிட்டார். ஒரு வாய் மென்ற சவுரிமுத்து, “எங்க ஜான்சி இதுல மாங்கா துருவிப் போடுவா” என்றார். சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணியது. அத்தனை பேர் நடுவில், கையில் சுண்டலோடு, குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் தேற்ற வரவில்லை. ஆஷா அம்மாள் பக்கத்தில் அசையாமல் அமர்ந்திருந்தார். துரைராஜ் குனிந்து, நகராத கற்களை நகர்த்துவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். அழுது ஓய்ந்ததும், “சுண்டல்ல உப்பு கம்மி மேடம். சாரு போட்டுட்டாரு” என்றார் துரைராஜ். சவுரிமுத்து கண்ணீரோடு சிரித்தார்.

மரத்துக்கிடந்த மனத்துக்கு அன்று வலி திரும்பியது. வலி திரும்பியவன் பிழைத்துக்கொள்வான் என்பார்கள். மனத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. “கால்ல எரிச்சல் எப்டி இருக்கு?” என்று மருத்துவர் கேட்டார்.

“சுத்தமா போயிடுச்சு சார். எட்டுல நடக்கிறேன். வெறுங்கால்ல.”

வெளியே நோயாளிகள் நிறைந்திருந்தனர். எண்கள் நன்றாக இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர், “வெரி குட். விட்டுடாதீங்க” என்று சொல்லி அடுத்தவரை அழைத்தார். எரிச்சல் தணிந்தது குணத்தால் அன்று, பாதம் மரத்துப்போனதால் என்பதை அந்த அறையில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டும்படி யாரும் கேட்கவும் இல்லை.

ஜான்சியின் நினைவு நாள் அக்கினி நட்சத்திரத்தில் வந்தது. அன்று காலை ஆலயத்தில் பூசை. பிறகு கல்லறையில் மெழுகுவத்தி. எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய சவுரிமுத்து வீட்டுப் பக்கம் திரும்பினார், நின்றார். இன்றைக்கு நடக்கவில்லையே! மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒருநாளும் தவறியதில்லை. மனைவியின் நாளில் தவறுவதா?

பூங்காவில் ஆளில்லை. எட்டின் வாயிலில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. எப்போதும் நடக்கும் சுற்றுகளை ஒன்றுகூடக் குறைக்காமல், ஜான்சியை நினைத்தபடி நிதானமாக நடந்தார். கல் கொதித்தது. வேறொருவர் உடனிருந்து “சுடுது” என்று அலறியிருந்தால் அவரும் விலகியிருப்பார். அலற அங்கே யாருமில்லை. அவருடைய பாதங்களோ ஊமையாகிவிட்டிருந்தன.

இரண்டொரு நாளில் வீட்டுத் தரையில் ஆங்காங்கே ஈரம் தெரிந்தது. குடத்துத் தண்ணீர் சிந்தியதென்று துடைத்தார். பிறகு ஒரு துர்நாற்றம் வந்தது. எலி செத்திருக்கும் என்று குளிர்பதனப் பெட்டியை நகர்த்திப் பார்த்தார்; பரணைத் தேடினார். எந்தக் காலணியின் உள்ளும் ஒரு நூல் முடிச்சைத் தப்பவிடாத அந்தக் கை, தம் பாதத்தின் அடிப்புறத்தை ஒருமுறையும் தடவிப் பார்க்கவில்லை. உடம்பு சுட்டது. அப்போதும் அவர் நடையை நிறுத்தவில்லை.

“யார் சார் இது, கல்லு மேல வெத்தல துப்பி வச்சது? அறிவு கீதா?” என்று ஒருநாள் காலையில் துரைராஜ் கத்தினார். கறை ஒன்றன்பின் ஒன்றாக எட்டின் வளைவெங்கும் போயிற்று. திட்டிக்கொண்டே அதைத் தொடர்ந்தவர், வளைவு முடியும் இடத்தில் நின்றுவிட்டார். கறை சவுரிமுத்துவின் இடது குதிகாலில் போய் முடிந்தது.

அவரைப் பிடித்து உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினார். ஆஷா அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார்.

“சார்... உனக்கு வலிக்கலயா சார்?” என்றார் துரைராஜ்.

“இல்லையே” என்றார் சவுரிமுத்து. காய்ச்சலில் சிவந்த முகத்தில் அப்போதும் சிறு பெருமிதம் இருந்தது. “எனக்குத்தான் பூப்பாதமாச்சே.”

துரைராஜ் தம் கடையின் குட்டி யானைச் சரக்கு வண்டியை வரவழைத்து, சிமெண்டு மூட்டைகளைத் தள்ளிவிட்டு, அவரைப் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். செருப்புகள் எட்டின் வாயிலிலேயே கிடந்தன.

நஞ்சு எலும்புவரை இறங்கிவிட்டதாக அறுவை மருத்துவர் சொன்னார். “வலின்னு ஒண்ணு இருந்திருந்தா முதல் நாளே ஓடி வந்திருப்பீங்க, பெரியவரே.” முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள். வலது பாதத்தின் கொப்புளங்கள் ஆழமாக இறங்காததால் மருந்திலேயே ஆறின.

வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் ஜெரூஷாவிடம் மெல்லச் சொன்னார். “இன்னொரு காலைக் காப்பாத்தணும்மா. தினமும் அடிப்பாதத்தைப் பாருங்க. எந்தச் செருப்பு போட்டாலும் முதல்ல கையால உள்ள தடவிப் பாத்துட்டுத்தான் போடணும். இதெல்லாம் பழக்கமாகணும், சரியா?”

ஜெரூஷா தந்தையின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மருந்துப் பையைக் கட்டினாள்.

கூடுவாஞ்சேரிக்கு வர அவர் மறுத்துவிட்டார். வேறு வழியின்றி மகளே செம்பாக்கத்துக்கு வந்து தங்கினாள். சன்னல்கள் மறுபடியும் சாத்தப்பட்டன. தொலைக்காட்சி ஓடியது. சவுரிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூழ் ஆடை படிந்து ஆறிப்போயிற்று. “பாதம் பாக்கணும்ப்பா” என்று ஜெரூஷா அருகில் வந்தால் போர்வைக்குள் வலது காலை இழுத்துக்கொள்வார். “விடும்மா. ஜோடி போனப்புறம் இது எதுக்கு?”

ஆஷா அம்மாள் இருமுறை வந்து போனார். துரைராஜ் வரவில்லை. அறுவைச் சிகிச்சை முடியும்வரை மருத்துவமனை வாசலில் அமர்ந்திருந்தவர், முடிந்தது என்றதும் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டிருந்தார்.

ஒரு காலையில் அவர் மஞ்சள் பையோடு வாசலில் நின்றார். எப்போதும் ஊரைக் கூட்டும் குரல் அன்று தணிந்திருந்தது.

“உள்ள வரலாமா, பாப்பா?”

ஜெரூஷா விலகி நின்றாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிய துரைராஜ், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் அதை ஒருகணம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே நின்று பையைத் திறந்தார். உள்ளே சவுரிமுத்துவின் செருப்புகள் இருந்தன. கழுவித் துடைத்து, இரண்டும்.

“அங்கயே கெடந்துச்சு சார். நாய் இஸ்துகினு போயிடப் போவுதுன்னு அன்னிக்கே எட்தாந்து ஊட்ல வச்சேன். ஒண்ண மட்டும் எட்தாறதா, ரெண்டயும் எட்தாறதான்னு தெரியல. அதான்... இவ்ளோ நாளாயிடுச்சு.”

சவுரிமுத்து திரும்பவில்லை.

“அந்தக் கல்லெல்லாம் வாரி ஏரில கொட்டிடட்டா சார்? நான் கழட்டுன்னு சொல்லாம இருந்திருந்தா...”

சுவர்ப்பக்கமிருந்து பதில் வந்தது. “கல்லு என்ன பண்ணும் துரைராஜ்? அது குத்தத்தான் குத்துச்சு. எனக்குத்தான் தெரியல.”

துரைராஜ் தரையில் அமர்ந்தார். யாரையும் கேட்காமல் போர்வையின் ஓரத்தை விலக்கி, வலது பாதத்தை இரு கைகளாலும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் மகளிடமிருந்து ஒளித்த பாதத்தைச் சவுரிமுத்து இழுத்துக்கொள்ளவில்லை. அவர் திரும்பிப் படுத்தார். நிலக்காரக் குடும்பத்துத் துரைராஜ் தம் பாதத்தின்மீது குனிந்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைக் கண்டார்.

“காயம் ஒண்ணும் இல்ல சார்.” கட்டை விரலால் அடிப்பாதத்தை அழுத்தினார். “தெரிதா?”

“இல்ல.”

“இங்க?”

“இல்ல.”

குதிகாலைக் கடந்து, கணுக்காலைக் கடந்து, விரல் மேலே ஏறியது. “இங்க?”

“ம். அங்க தெரியுது.”

துரைராஜ் அந்த இடத்திலிருந்து கையை எடுக்காமல் அழுதார். ஜெரூஷா போய்ச் சன்னலைத் திறந்தாள்.

சவுரிமுத்து கைநீட்டினார். வலது செருப்பை வாங்கி, வார்களுக்கு அடியில் விரல்களைச் செலுத்தி, நுனிவரை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். துரைராஜ் அதைக் காலில் மாட்டிவிட்டார். பிறகு இடது செருப்பையும் கேட்டு வாங்கி, அதே நிதானத்தோடு அதையும் தடவினார். அதில் எந்தக் குறையும் இல்லை.

“இத இன்னா பண்றது சார்?”

“எறியாதீங்க” என்றார் சவுரிமுத்து. அதை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். “நாளைக்கும் வந்து பாப்பீங்களா?”

“காலைல, எட்டுக்குப் போறதுக்கு முன்ன வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு, தாம் என்ன சொன்னோம் என்று உணர்ந்து துரைராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.