வகுப்பு சிரித்த இடம்

இதை எழுத ஐந்தாறு வருஷமாகத் தயங்கினேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அதோடு, இதில் தப்பு செய்தவனும் நானே. படவேட்டு அம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

ஆரணியில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். எங்களுக்குப் பேச்சு என்றால் குப்பை. சொந்தக்காரர்கள் பேசுவதையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டைப் போடுவோம்.

ஒரு நாள் அறிவியல் சார் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். அவர் வகுப்பில் கோமதி என்று ஒரு பெண், காது கேளாது. வகுப்பில் நடத்திய பாடங்களைச் செல்போனில் எடுத்திருக்கிறேன், அவள் வீட்டில் பார்த்துப் படிக்கக் கீழே எழுத்து ஓடவேண்டும் என்றார். புண்ணியமாயிற்றே என்று பத்துப் பாடத்துக்கும் சப்டைட்டில் போட்டுக் கொடுத்தேன்.

மறுவாரமே தறி நெய்கிற அவள் அம்மா, பெண்ணைக் கையோடு அழைத்து வந்தார்.

"இன்னாண்ணே செஞ்சி வெச்சிருக்கீங்க? இத்தப் பாத்ததுலேந்து ஸ்கூலுக்கே போவ மாட்டேன்னு அழுதுகினு கெடக்குறா. ஒரே பேஜாரு!"

கோமதி மின்தடைப் பாடத்தை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள். வகுப்பே சிரிக்கிறது. முன்பெஞ்சில் அவள் மட்டும் திருதிருவென்று திரும்பிப் பார்க்கிறாள். கீழே என் எழுத்து: 'மெல்லிய கம்பியில் மின்தடை அதிகம்.' நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'இதில் சிரிக்க என்ன இருக்கு? என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறாங்க?'

அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டேன். பாடத்துக்குத் தேவையில்லை என்று நான் விட்டதை, சார் பேசியபடியே டைப் செய்தேன்:

'மெல்லிசு கம்பின்னா கரண்டுக்கு இடுக்கு வாசல்டா. பஸ்ஸு வாசல்ல என் தொப்பை மாட்டிகினு, பின்னாடி ஊரே எறங்க முடியாம நின்னுதே, அந்த மாதிரி! (வகுப்பு சிரிக்கிறது)'

கோமதி இரண்டு முறை படித்தாள். பிறகு கடை அதிரச் சிரித்தாள். "போதும்டி எம்மா" என்று அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோமதி மறுபடி நோட்டை நீட்டினாள்: 'மத்த சிரிப்புக்கும் எழுதுங்க அண்ணா.'

அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள் என்று சார் சொன்னபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போதெல்லாம் பாட வீடியோ வந்தால் சார் இருமினால்கூட எழுதிவிடுகிறேன். அடுத்தவருக்கு எது தேவையில்லை என்று சொல்ல நான் யார்? அந்தப் புத்தியைக் கொடுத்த பெண்ணுக்கும், அவளை என் கடைக்கு அனுப்பிய படவேட்டுத் தாயாருக்கும் கோடி கும்பிடு.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். நீளம் என்று எதையும் எடுத்துவிடாதீர்கள். என் தப்பும் கூடவே போய்ச் சேரட்டும், சாரின் தொப்பையும் போய்ச் சேரட்டும்.